ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்குள்

செக்காலை, காரைக்குடி
9 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

என் எண்ணை உங்கள் போனில் தடுத்து வைத்திருக்கிறீர்கள். ஒன்பது நாளாக அடித்துப் பார்த்துவிட்டேன். ரீனா அண்ணியின் போனுக்கு அடித்தால், "அவுக இங்கனதான் உக்காந்திருக்காக, ஆனா இல்லேன்னு சொல்லச் சொல்றாக" என்று அண்ணி உள்ளதைச் சொல்லிவிடுகிறார். தேவகோட்டைக்கும் காரைக்குடிக்கும் நடுவே பதினெட்டு கிலோமீட்டர்தான். தபாலில்தான் பேசுவது என்றால் அப்படியே பேசுவோம். தபால்காரரைத் தடுக்க உங்களால் முடியாது.

ஈஸ்டர் அன்று உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்தது இருவருக்கும் தெரியும். பதினோரு வருடம் பார்த்த டீச்சர் வேலையை விட்டுவிட்டேன், சொந்தமாகச் சாப்பாட்டுத் தொழில் தொடங்கப்போகிறேன் என்று சொன்னேன். "வாத்தியார் வீட்டுப் பிள்ளை ஊரான் எச்சில் இலை எடுக்கப் போறாளாக்கும்" என்றீர்கள். அண்ணி, என் வீட்டுக்காரர் ஜெரால்டு, உங்கள் பிள்ளைகள் எல்லோரும் இருக்கும்போது சொன்னீர்கள். நான் தட்டை வைத்துவிட்டு எழுந்தேன். அந்தப் பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்வரை உங்கள் வீட்டில் கை நனைக்க மாட்டேன்.

ஏன் வேலையை விட்டாய் என்று நீங்கள் கேட்கவே இல்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பதினோரு வருடமாக அதே ஆறு ஐம்பது பஸ், அதே ஐந்தாம் வகுப்பு, அதே அறை. நன்றாகத்தான் நடத்தினேன். ஆனால் முப்பத்தேழு வயதாகிறது, நான் வேறு எதற்கெல்லாம் ஆவேன் என்பது தெரியாமலே போய்விடும் என்று பயம் வந்துவிட்டது. என் மீன் குழம்பை எல்லோரும் புகழ்கிறார்கள். நீங்களும் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிடுவீர்கள். காரைக்குடி பக்கம் பெரிய வீடுகளைப் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களுக்கு வீட்டுச் சாப்பாடு கொடுக்கப்போகிறேன். என் பலம் சமையல் என்று முடிவு செய்திருக்கிறேன்.

தங்கை,
வின்சி


தேவகோட்டை
16.04.2024

இயேசுவுக்கே புகழ்.

அன்புத் தங்கை வின்சிக்கு, அண்ணன் சகாய ஆண்டனி எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. முதலில் ஒரு திருத்தம். நான் "எச்சில் இலை" என்று சொல்லவில்லை. "இலை எடுக்கிற வேலை" என்றுதான் சொன்னேன். எச்சில் என்பது நீயாகச் சேர்த்துக்கொண்டது. உன் அண்ணியிடம் கேட்டேன். அவள் துணி காயப்போடப் போய்விட்டாள்.

அப்பா இறந்தபோது உனக்கு வயது பதினாறு. உன்னை ஆசிரியர் பயிற்சியில் சேர்த்தவன் நான். ஒரே காம்பவுண்டில் நான் உயர்நிலைப் பள்ளியிலும் நீ தொடக்கப் பள்ளியிலுமாக இருந்தோம். யாராவது "வின்சி டீச்சர் அண்ணன் நீங்கதானா" என்று கேட்டால் எனக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. இப்போது என்னிடம் கேட்கிறார்கள், "தங்கச்சிக்கு என்ன சார் பிரச்சினை" என்று. பிரச்சினை எதுவும் இல்லை, நன்றாக இருக்கும்போதே விட்டுவிட்டாள் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

உன் பலம் சமையல் இல்லை, கரும்பலகை. உனக்குக் கோபம் வரும். பேரம் பேச வராது. பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவாய், அதை நாங்களே பார்த்தோம். இந்தக் குணத்தோடு வியாபாரம் செய்வது எப்படி?

தாளாளர் ஃபாதரைப் பார்த்தேன். உன் இடத்தில் சினேகா என்று ஒரு பிள்ளையைத் தற்காலிகமாக வைக்கிறார். ஆகஸ்ட் 31-க்குள் நீ எழுதிக் கொடுத்தால் இடம் உனக்கு. அதற்குப் பிறகு அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. உனக்குச் சிரமம் வேண்டாம் என்று விண்ணப்பத்தை நானே எழுதி வைத்திருக்கிறேன், இத்துடன் இருக்கிறது. கையெழுத்து மட்டும் போட்டால் போதும்.

அண்ணன்


செக்காலை
24 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கோபத்தால் இல்லை, வேலை. கோபமும் கொஞ்சம் உண்டு.

விண்ணப்பம் கிடைத்தது. "தவறுணர்ந்து மீண்டும் பணியில் சேர விழைகிறேன்" என்று என் பெயரில் எழுதியிருக்கிறீர்கள். என்ன தவறு, எப்போது உணர்ந்தேன்? கிழித்துப் போட எடுத்தேன். பிறகு அலமாரியில் வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன் என்று கேட்காதீர்கள்.

சாப்பாட்டுத் தொழிலைப் பற்றி நீங்கள் யார் யாரிடமோ விசாரிப்பதாகக் கேள்விப்பட்டேன். என்னிடமே கேட்கலாம். ஓடவில்லை. முதல் மாதம் பதினாலு பேர், இரண்டாம் மாதம் ஒன்பது பேர். ஆறு பேருக்கு மணக்கிற குழம்பு பத்துப் பேருக்கு வைத்தால் வேறு குழம்பாகிவிடுகிறது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதை உங்களிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எனக்குச் சமைக்கத் தெரியும், ஆனால் சமைக்கப் பிடிக்கவில்லை. இத்தனை வருடம் புகழ்ச்சி பிடித்திருந்தது, அதைச் சமையல் பிடித்திருக்கிறது என்று நினைத்துவிட்டேன். எழுதிவிட்டேன். நன்றாகச் சிரித்துக்கொள்ளுங்கள்.

சிரித்து முடித்ததும் மீதியைப் படியுங்கள். போன மாதம் பள்ளத்தூரில் ஒரு செட்டியார் வீட்டுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோனேன். நூறு வருடத்துக்கு முந்தைய வீடு, இப்போது ஐந்து பங்காளிகளுக்குச் சொந்தம். நடுமுற்றத்தைச் சுற்றியிருக்கும் வளவில் பங்காளிக்கு ஓர் அறை, ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு. ஆட்கள் சென்னை, கோயம்புத்தூர், மலேசியா என்று இருக்கிறார்கள். அவர்களில் மெய்யம்மை ஆச்சி என்பவரின் மகள் சிவரஞ்சனிக்கு ஆவணிக் கடைசியில் கல்யாணம். அந்த வீட்டில்தான் நடக்க வேண்டும், அதற்கு ஐந்து பேரும் சேர்ந்து வீட்டைத் திறக்க வேண்டும். அதைப் பேசத்தான் கூடியிருந்தார்கள். பேசவில்லை, கத்தினார்கள். யார் அறையை யார் பெருக்குவது, வாசல் சாவி யாரிடம் இருப்பது, எட்டு வருடத்துக்கு முன்னால் யார் யாரை வா என்று கேட்கவில்லை. ஏகப்பன் என்று ஒருவர், அறுபது வயதிருக்கும், கத்தியதில் வளவுப் புறாவெல்லாம் பறந்துவிட்டது.

நான் கையில் கரண்டியோடு நின்றேன். சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. என்னை அறியாமல் வாயைத் திறந்துவிட்டேன். "எல்லாரும் உக்காருங்க. ஆளுக்கு ஒருத்தராப் பேசுங்க. வயசுல மூத்தவுக முதல்ல" என்றேன். அண்ணே, உட்கார்ந்துவிட்டார்கள். ஐந்து குடும்பமும். ஏகப்பனும்.

யார் என்ன கேட்கிறார்கள் என்பதை அட்டையில் எழுதினேன். ஒருவர் சொன்னதை அடுத்தவருக்கு நானே திருப்பிச் சொன்னேன், வசவை மட்டும் விட்டுவிட்டு. முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. கிளம்பும்போது மெய்யம்மை ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கல்யாணம் முடியுறமட்டும் இந்த வீட்ட நீயே பாத்துக்கிறியா? நாங்க பேசுனா சண்டதான் வருது" என்றார். சரி என்றேன்.

சமையல் பாத்திரத்தையெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். பூட்டிக் கிடக்கிற வீட்டை விசேஷத்துக்குத் திறந்து, சரி செய்து, பங்காளிகளையும் ஒரு வழிக்குக் கொண்டுவந்து, விசேஷம் முடிந்ததும் பூட்டிச் சாவி கொடுப்பது. இதுதான் இனி என் தொழில். இந்தப் பக்கம் அப்படிப்பட்ட வீடுகளுக்குப் பஞ்சமில்லை, சண்டைக்கும் பஞ்சமில்லை.

வின்சி


தேவகோட்டை
01.07.2024

அன்புத் தங்கைக்கு,

சிரிக்கவில்லை.

சமையல் பிடிக்கவில்லை என்று மூன்று மாதத்தில் கண்டுபிடித்திருக்கிறாய். வீடு திறப்பது பிடிக்கவில்லை என்று எத்தனை மாதத்தில் கண்டுபிடிப்பாய்? கரண்டி போய் இப்போது விளக்குமாறு. ஒரு கல்யாணம் முடிந்தால் அடுத்த கல்யாணம் எப்போது? உடம்புக்கு வந்தால் யார் லீவு கொடுப்பார்கள்? மாப்பிள்ளை ஜெரால்டு வாயைத் திறப்பதே இல்லை. எலக்ட்ரீஷியன் வேலையில் அவருக்கு எத்தனை சிரமம் என்று பார்த்துக்கொண்டே நீயும் அதே போல் நிலையில்லாத வேலைக்குப் போகிறாய்.

ஐந்து பேரை உட்கார வைத்ததைப் பெரிய சாமர்த்தியமாக எழுதியிருக்கிறாய். பதினோரு வருடம் நாற்பத்திரண்டு பேரை உட்கார வைத்தாயே, அது எதில் சேர்த்தி?

சினேகா நல்ல பிள்ளை. ஆனால் வகுப்பு சத்தமாக இருக்கிறது, என் வகுப்பறைவரை கேட்கிறது. ஃபாதரிடம் ஒவ்வொரு திங்களும் உன் இடத்தை நினைவுபடுத்திக்கொண்டு இருக்கிறேன்.

ஆகஸ்ட் 31.

அண்ணன்


செக்காலை
5 ஆகஸ்ட் 2024

அண்ணே,

நாற்பத்திரண்டு பேர் கேள்விக்குப் பதில்: அதுவும் இதே சாமர்த்தியம்தான். நீங்கள் அதைப் பள்ளிக்கூடத்தின் சொத்து என்று நினைக்கிறீர்கள். நான் அதை என் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

விளக்குமாற்றை நான் தொடுவதில்லை. அதில் எனக்குத் திறமை இல்லை. பள்ளத்தூரிலிருந்து ஒன்பது பெண்கள் வேலைக்கு வருகிறார்கள், பொன்னழகு என்பவர் அவர்களுக்குத் தலைவி. ஒரு தரையைப் பார்த்தே எந்த எண்ணெய் போட்டுத் துடைத்தார்கள் என்று சொல்லிவிடுவார். நான் ஒரு தடவை துடைப்பதைப் பார்த்துவிட்டு, "டீச்சர், நீங்க போயி போன் பேசுங்க" என்றார். உங்கள் மாப்பிள்ளை வயரிங்கைப் பார்த்துக்கொள்கிறார். வாயைத் திறக்காத மனிதர், வீட்டில் பாதி விளக்கு எரிந்ததும் தனியாக நின்று சிரித்தார்.

எனக்கு எது வரும், எது வராது என்று இப்போதுதான் கணக்காகத் தெரிகிறது. பேரம் பேச வராது, நீங்கள் சொன்னது சரி. அதனால் பேரமே கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவரும் மறுக்கவில்லை. காலை எட்டு மணி என்றால் எட்டு மணி. தச்சர் ஒன்பதுக்கு வந்தார், திருப்பி அனுப்பினேன். மறுநாள் ஏழே முக்காலுக்கு வந்து நின்றார். கோபம் வரும் என்று எழுதியிருந்தீர்களே, அதைத்தான் சம்பளமில்லாத வேலைக்காரனாக வைத்திருக்கிறேன்.

போன வாரம் கோயம்புத்தூர்ப் பங்காளி காசி போனில், "நீங்க எங்க வீட்டுல என்ன முறையில அதிகாரம் பண்றீக?" என்று கேட்டார். "ஒரு முறையும் இல்ல. அதனாலதான் அஞ்சு பேருக்கும் ஒரே மாதிரிச் சொல்ல முடியுது" என்றேன். அறைச் சாவியைக் கூரியரில் அனுப்பிவிட்டார். ஐந்து சாவியும் இப்போது என்னிடம்.

வின்சி


செக்காலை
21 ஆகஸ்ட் 2024

அண்ணே,

ஒரு தப்பு செய்துவிட்டேன். வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை அறைகளில் இருந்த பழைய துணியெல்லாம் வெளுக்கப் போட்டோம். திரை, ஜமுக்காளம், மெத்தை உறை எல்லாம். மெய்யம்மை ஆச்சியின் அறையில் மர அலமாரிக்கு மேலே ஓர் ஓலைப் பேழை இருந்தது. உள்ளே ஒரு பழைய கண்டாங்கிச் சேலையும் வேட்டியும். பொன்னழகு பேழையைக் கையில் வைத்துக்கொண்டு, "இத மட்டும் ஆச்சிக்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிருவமா டீச்சர்?" என்று கேட்டார். துணிதானே, எல்லாவற்றோடும் சேர்த்துப் போடு, ஒவ்வொன்றுக்கும் போன் பண்ண நேரமில்லை என்றேன். சோப்புத் தூளில் ஊறிச் சாயம் போய், சேலை நடுவில் இரண்டாகக் கிழிந்துவிட்டது.

அது படைப்புச் சேலை. செட்டியார் வீடுகளில் இறந்துபோன முன்னோருக்குப் பங்காளிகள் கூடிச் சமைத்து, சேலை வேட்டி வைத்துக் கும்பிடுகிறார்கள். அந்தத் துணியைப் பேழையில் வைத்துவிட்டால் அடுத்த படைப்புவரை யாரும் தொடக் கூடாது. நம் கோயில் பீடத்துத் துணியை எடுத்து ஒருவர் தரை துடைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். ஆனால் தெரிந்தவர் ஒருவர் என் பக்கத்திலேயே நின்று கேட்டார், நான்தான் அவர் பேச்சை அடக்கினேன்.

செவ்வாய்க்கிழமை கொடியில் காய்ந்த துணியை ஏகப்பன் பார்த்துவிட்டார். நடுத்தெருவில் நின்று கத்தினார். "வேதக்காரிகிட்ட வீட்டக் குடுத்தா இதான் நடக்கும். இந்தக் கல்யாணம் இங்க நடக்காது" என்றார். ஞாயிறு காலை ஐந்து பங்காளிகளும் கூடுகிறார்கள். நான் வந்து பதில் சொல்ல வேண்டுமாம்.

இன்னொன்று. மெய்யம்மை ஆச்சி இன்று விடிந்ததும் போன் செய்தார். பேழையை எங்கே எடுத்தோம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, யாராவது கேட்டால் சமையல்கட்டு அறையில் இருந்தது என்று சொல்லச் சொல்கிறார். என் அறை என்று மட்டும் சொல்லிவிடாதே என்றார். ஏன் என்று கேட்டேன், போனை வைத்துவிட்டார். எனக்கு இருக்கிற ஒரே ஆதரவு அவர்தான்.

நான் அப்பவே சொன்னேனே என்று எழுதாதீர்கள். எழுதினால் அந்தத் தாளைப் படிக்க மாட்டேன்.

வின்சி


தேவகோட்டை
23.08.2024

அன்புத் தங்கைக்கு,

நீ எழுத வேண்டாம் என்றதைத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ போக வேண்டாம். அவர்கள் வீட்டுச் சாமி காரியத்தில் கை வைத்தாகிவிட்டது. பத்துப் பேர் கூடியிருக்கும் இடத்தில் நம் பிள்ளை தனியாக நின்று வேதக்காரி என்று பேச்சு வாங்குவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. போனால் இரண்டு வழிதான். ஆச்சி சொன்ன பொய்யைச் சொன்னால் உன் மனது கேட்காது. உண்மையைச் சொன்னால் ஆச்சியும் போய்விடுவார், தொழிலும் போய்விடும். மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதி, ஐந்து சாவியையும் பொன்னழகு கையில் கொடுத்து அனுப்பிவிடு.

31-ஆம் தேதி சனிக்கிழமை. இன்னும் எட்டு நாள் இருக்கிறது. தேவகோட்டைக்கு வா. யாரும் உன்னை ஒன்றும் கேட்க மாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். நீ தோற்றாய் என்று நான் ஒருவரிடமும் சொல்ல மாட்டேன்.

உன் அண்ணி உன்னை வரச் சொன்னாள். சொன்னபோது அழுதாள்.

அண்ணன்


செக்காலை
27 ஆகஸ்ட் 2024

அண்ணே,

போனேன்.

நீங்கள் எழுதியது சனிக்கிழமை வந்தது. இரண்டு முறை படித்தேன். அன்பாகத்தான் எழுதியிருந்தீர்கள், அதனால்தான் இன்னும் ஆத்திரம் வந்தது. சாவியைப் பொன்னழகு கையில் கொடுத்து அனுப்பச் சொல்கிறீர்கள். நான் செய்த தப்புக்கு அவர் ஏன் போய் நிற்க வேண்டும்?

ஐந்து குடும்பமும் வளவில் உட்கார்ந்திருந்தது. என்னை உட்காரச் சொல்லவில்லை. கிழிந்த சேலையை மடித்து ஒரு தட்டில் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். "இத வெளுக்கப் போடச் சொன்னது நான். கேட்டுட்டுப் போடலாம்னு பொன்னழகு சொன்னாக, நான் கேக்கல. தப்பு என்னோடது" என்று சொன்னேன். அழவில்லை.

ஏகப்பன் எழுந்து அரைமணி நேரம் பேசினார். என் மதம், என் படிப்பு, என் திமிர், ஒன்றையும் விடவில்லை. முடிவில், "பேழைய எங்குட்டு இருந்து எடுத்தீக? அதச் சொல்லுங்க முதல்ல" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மெய்யம்மை ஆச்சி தரையைப் பார்த்தார்.

"மெய்யம்மை ஆச்சி அறையில, அலமாரிக்கு மேல" என்றேன்.

ஏகப்பன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. எட்டு வருடமாக அந்தப் பேழையைக் காணோம். ஏகப்பன்தான் எடுத்துவிட்டார் என்று மற்ற நாலு குடும்பமும் சேர்ந்து அவரை ஒதுக்கி வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து படைப்பும் இல்லை. அவர் வீட்டு விசேஷத்துக்கு யாரும் வரவில்லை, இவர்கள் விசேஷத்துக்கு அவரை யாரும் அழைக்கவில்லை. பேழையோ ஆச்சியின் மாமியார் எடுத்து வைத்த இடத்திலேயே இருந்திருக்கிறது. ஆச்சிக்கே புதன்கிழமை வரை தெரியாது. தெரிந்ததும் பயந்துவிட்டார்.

ஏகப்பன் யாரையும் திட்டவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, "எட்டு வருசம்" என்று மட்டும் சொன்னார். ஆச்சி எழுந்து போய் அவர் முன்னால் நின்று, "தெரியாமப் பேசிட்டோம்" என்றார். அவர் முகத்திலிருந்து துண்டை எடுக்கவில்லை. இதெல்லாம் ஒரே நாளில் சரியாகிற காரியம் இல்லை.

அதனால் நான் பேசினேன். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் படைப்பு வைப்போம், புதுச் சேலை ஐந்து வீடும் சேர்ந்து எடுக்கட்டும், வாங்குகிற பொறுப்பு ஏகப்பன் ஐயாவுடையது என்றேன். காசி ஏதோ சொல்ல வந்தார். "உங்க முறை வரும், இருங்க" என்றேன். தேதி முடிவானது. இனிமேல் எந்த வீட்டைத் திறந்தாலும், எந்தெந்தப் பொருளைத் தொடக் கூடாது என்று அந்தந்த அறைக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கதவில் ஒட்டிய பிறகுதான் என் ஆட்கள் உள்ளே போவார்கள் என்றும் சொல்லிவிட்டேன்.

கடைசியில் ஏகப்பன் என்னிடம், "படைப்பன்னைக்கு நீங்க உள்ள வரக் கூடாது" என்றார். "வரல ஐயா. ஆனா வாசச் சாவி எங்கிட்டத்தான் இருக்கும்" என்றேன். "இருக்கட்டும்" என்றார்.

ஆச்சி என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். வேலையை விடச் சொல்லவில்லை.

வின்சி


தேவகோட்டை
08.09.2024

இயேசுவுக்கே புகழ்.

அன்புத் தங்கைக்கு,

ஒன்றை உன்னிடம் மறைத்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

25-ஆம் தேதி ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் பஸ் ஏறிப் பள்ளத்தூர் வந்தேன். அந்த வீட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை இருக்கிறதே, அங்கே ஒன்பதரையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். நீ முதல் விண்ணப்பத்தைத் தொலைத்திருப்பாய் என்று இன்னொன்று எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். நீ அழுதுகொண்டு வெளியே வருவாய், அங்கேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு உன்னைக் கையோடு அழைத்துப் போய்விடலாம் என்பதுதான் என் திட்டம். எழுதும்போது நன்றாக இல்லை, ஆனால் அதுதான் உண்மை.

உள்ளே அந்த மனிதர் கத்தியது தெருவுக்கே கேட்டது. நான் இரண்டு முறை எழுந்தேன். டீக்கடைக்காரர், "உக்காருங்க சார், அது அவுக வீட்டுப் பேச்சு" என்றார். அதில் என் தங்கை இருக்கிறாள் என்று சொல்ல வாய் வரவில்லை. பிறகு உன் குரல் கேட்டது. என்ன சொன்னாய் என்று கேட்கவில்லை. குரல் மட்டும் ஏறாமல் இறங்காமல் வந்துகொண்டே இருந்தது.

பன்னிரண்டே முக்காலுக்கு வெளியே வந்தாய். தண்ணீர் லாரிக்காரரைப் போனில் திட்டிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனாய். நீ என்னைப் பார்க்கவில்லை. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

31-ஆம் தேதி ஃபாதரிடம் போய், என் தங்கை வரமாட்டாள், சினேகாவையே நிரந்தரமாக்கிவிடுங்கள் என்று சொன்னேன். உன்னைக் கேட்காமல் சொன்னேன். அவர் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை, "சரி சார்" என்றார். அது எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

நீ செய்வது சரி என்று இன்னமும் நான் நினைக்கவில்லை. முதுமைக்கு என்ன வழி, மருத்துவச் செலவுக்கு என்ன வழி என்றெல்லாம் கேள்வி இருக்கிறது. அவற்றைத் தனியாக எழுதுவேன். ஆனால் அன்று மேசையில் எச்சில் என்ற வார்த்தையை நான் சொன்னேன். அண்ணியும் பிள்ளைகளும் இருக்கும்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன். உன் எண்ணையும் திறந்துவிட்டேன்.

அண்ணன்,
சகாய ஆண்டனி


செக்காலை
18 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கல்யாணம் நடந்தது. ஐந்து அறையும் திறந்திருந்தன. ஏகப்பன் ஐயா சிவரஞ்சனிக்குச் சித்தப்பா முறையில் எல்லாம் செய்தார். ஆச்சியும் அவரும் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை, ஆனால் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். அது போதும் இப்போதைக்கு. அங்கே வந்திருந்த ஒருவர் கண்டனூரில் தன் வீட்டைத் திறக்கக் கேட்டிருக்கிறார், ஏழு பங்காளிகள். தையில் விசேஷம்.

எண்ணைத் திறந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நான் இன்னும் உங்கள் எண்ணைத் திறக்கவில்லை. மே மாதமே தடுத்துவிட்டேன், உங்களுக்குத் தெரியாது. முதலில் நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்வதை நேரில் கேட்கிறேன், பிறகு பார்க்கலாம்.

டீக்கடையில் நீங்கள் உட்கார்ந்திருந்ததைப் படித்து அழுதேன். சட்டைப் பையில் இருந்த விண்ணப்பத்தைப் பற்றிப் படித்ததும் அழுகை நின்றுவிட்டது. வருகிறேன் என்று என் பெயரில் எழுதியதும் நீங்கள், வரமாட்டாள் என்று சொன்னதும் நீங்கள். இரண்டுக்கும் நடுவில் நான் எங்கே அண்ணே? அடுத்த தடவை கேளுங்கள்.

ஃபாதர் ஏன் ஆச்சரியப்படவில்லை என்று சொல்கிறேன். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டவள் நான்தான். தப்பு செய்துவிட்டேன் என்று உங்களுக்குக் கடிதம் எழுதினேனே, அதை இங்கே தபால் பெட்டியில் போட்ட கையோடு தேவகோட்டைக்கு பஸ் ஏறினேன். 21-ஆம் தேதி, புதன்கிழமை. உங்கள் வகுப்பைத் தாண்டித்தான் அலுவலகத்துக்குப் போனேன். பிள்ளைகளுக்கு வட்டம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தீர்கள், கதவுக்கு முதுகு காட்டி நின்றீர்கள். ஃபாதரிடம் நான் வரமாட்டேன், சினேகாவுக்கே கொடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அன்று அந்தக் கல்யாணம் நடக்குமா என்று எனக்குத் தெரியாது. அந்த வீட்டுக்குள் மறுபடி விடுவார்களா என்றும் தெரியாது. ஃபாதர், "பத்து நாள் இருக்கே, யோசிங்களேன்" என்றார். அந்தப் பத்து நாள்தான் எனக்கு வேண்டாம் என்றேன்.

உங்களுக்கு என் கோபம் தெரியும், வீம்பு தெரியும். ஒன்று தெரியாது. நான் பயந்தவள். ஓட இடம் இருந்தால் ஓடிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை ஐந்து குடும்பத்துக்கு முன்னால் நின்றபோது எனக்குப் போக வேறு இடம் இல்லை. அதனால்தான் அண்ணே உண்மையைச் சொல்ல முடிந்தது.

தங்கை,
வின்சி